அருவிக்கும் மலை ஏரிக்கும் நடந்து போகிறவர்கள் என்னிடம் கேட்பவை

எங்கள் வீடு பெரியகுளத்தில். மொட்டை மாடியில் ஏறி நின்றால் கொடைக்கானல் மலை முழுதாகத் தெரியும். மழை பெய்த மறுநாள் காலை, மலையின் மடிப்புகளில் வெள்ளைக் கோடுகள் இறங்கியிருக்கும். அவற்றில் பாதிக்குப் பெயர் கூடக் கிடையாது. அந்தக் கோடுகளைப் படம் எடுத்து உறவினர்களுக்கு ஒருமுறை அனுப்பியது நான் செய்த தவறு. அன்றிலிருந்து ஐப்பசி பிறந்தால் போதும், "அண்ணே, அந்த அருவிக்கு எப்படிப் போவது?" என்று தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும்.

ஒரே பதிலை நாற்பது பேருக்குச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். நான் நடந்து பழகியது பழனி மலைத் தொடரும் தேனிப் பக்கமும்தான். அதனால் எடுத்துக்காட்டுகள் அங்கிருந்தே அதிகம் வரும்.

எனக்கு நாற்பத்தைந்து வயது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. அருவிக்கெல்லாம் என்னால் நடக்க முடியுமா?

எந்த அருவி என்பதைப் பொறுத்தது. பெரியகுளம் அருகே உள்ள கும்பக்கரை அருவிக்குப் பக்கத்திலேயே கார் போகிறது. இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் தண்ணீர். கொல்லிமலை ஆகாய கங்கைக்கோ அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். "இறங்குவதுதானே" என்று கிளம்புகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். மலை உச்சிக்குப் போகிறவனுக்குக் களைப்பு முதலிலேயே வந்துவிடும். முடியாவிட்டால் பாதியில் திரும்பிவிடலாம். அருவிக்கு இறங்குகிறவன் குளித்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, உடம்பு தளர்ந்த பிறகுதான் ஏற்றத்தின் முன்னால் போய் நிற்கிறான். எனவே இறங்க முடியுமா என்று யோசிக்காதீர்கள். ஏற முடியுமா என்று யோசித்துவிட்டு இறங்குங்கள்.

நேரக் கணக்குக்கு ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதி இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். நம் கூட்டங்களுக்கு அதில் பாதியை மேலும் கூட்டிக்கொள்வேன். படம் எடுக்க நிற்பவர், செருப்பு வார் அறுந்தவர், மாமாவுக்காகக் காத்திருப்பவர் எல்லோரும் அந்தப் பாதிக்குள் அடக்கம். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் என்னிடம் கேட்காதீர்கள்.

எந்த மாதம் போனால் நன்றாக இருக்கும்?

தண்ணீர் நிறையக் கொட்டும் மாதத்தையும் நடக்க நல்ல மாதத்தையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறோம். குற்றாலத்துக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையான தென்மேற்குப் பருவமழைதான் சாரல் காலம். பழனி மலையின் கிழக்குச் சரிவுகளுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை முக்கியம். அருவிகள் மிக அழகாக இருக்கும் அந்த வாரங்களில்தான் பாதைகள் மிக மோசமாக இருக்கும். பல இடங்களை மூடியும் வைத்திருப்பார்கள்.

டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை என் விருப்பம். மழை ஓய்ந்திருக்கும், சோலைக்காடுகள் உறிஞ்சி வைத்த தண்ணீர் இன்னும் கசிந்துகொண்டிருக்கும், வானம் துடைத்தாற்போல் இருக்கும். குளிர் மட்டும் கடுமை. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது பொதுக் கணக்கு. பெரியகுளத்தில் வியர்த்துக்கொண்டு ஏறுகிறவர் மேலே போய் நடுங்குவது அதனால்தான். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீக்காலம். அப்போது காட்டுக்குள் மலையேற்றத்துக்கு அனுமதி இல்லை. அதன் காரணத்தை நெருப்பைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

அனுமதி எதற்கு? எங்கள் ஊர் மலைதானே, தாத்தா காலத்தில் விறகெடுக்கப் போன பாதைதானே?

தாத்தா போனது உண்மை. மோட்டார் சாலை வருவதற்கு முன்பு கொடைக்கானலுக்குப் போனவர்களே பெரியகுளம் பக்கமிருந்து நடந்தும் ஆள் தூக்கிய நாற்காலிகளில் அமர்ந்தும்தான் போனார்கள். ஆனால் இன்று அந்தக் காடுகள் பெரும்பாலும் காப்புக்காடு. கொடைக்கானல் பகுதியின் பெரும்பரப்பு 2013இல் வனவிலங்குச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டுவிட்டது. அனுமதியின்றிக் காப்புக்காட்டில் நுழைவது 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயத்துக்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு மலையேற்றத்துக்கெனத் தனி விதிகளை அரசு கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை "ட்ரெக் தமிழ்நாடு" திட்டத்தைத் தொடங்கியது. தொடங்கியபோது 14 மாவட்டங்களில் 40 பாதைகள்; இணையத்தில் பதிவு செய்து பணம் கட்டினால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். கட்டணம் அதிகம் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. சில பாதைகளுக்கு நானும் முணுமுணுத்திருக்கிறேன். ஆனாலும் அந்தப் பணத்துக்கு ஒரு வழிகாட்டியும், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அறிந்த ஓர் அலுவலகமும் கிடைக்கின்றன.

இன்னொன்று: நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்கள் செல்ல, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். இது வாகனத்துக்கான பதிவு மட்டுமே. இதைக் காட்டுக்குள் நடக்கும் அனுமதி என்று நினைத்துச் சோதனைச்சாவடியில் வாதாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காணொளியில் ஒரு ரகசிய அருவி பார்த்தோம். உள்ளூர்த் தம்பி ஒருவர் ஆளுக்கு ஐந்நூறு ரூபாயில் கூட்டிப்போகிறேன் என்கிறார். போகலாமா?

வேண்டாம். முந்தைய பதிலில் சொன்ன சட்டம் அந்தத் தம்பிக்கும் பொருந்தும், உங்களுக்கும் பொருந்தும். பிடிபட்டால் பெரும்பாலும் அபராதத்தோடு போகும். கால் முறிந்தால்தான் உண்மையான சிக்கல்: நீங்கள் அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது, சொல்லவும் அந்தத் தம்பி தயங்குவார்.

அந்தக் காணொளி எந்த மாதத்தில் எடுத்தது என்பதையும் பாருங்கள். ஜனவரியில் முழங்கால் அளவு தண்ணீரில் கடந்த ஓடை நவம்பரில் கழுத்து வரை வரும்.

பேரிஜம் ஏரிக்கரையில் கூடாரம் போட்டு ஒரு இரவு தங்க ஆசை. எப்படி ஏற்பாடு செய்வது?

முடியாது. கொடைக்கானல் மலையில் உள்ள பேரிஜம், வனத்துறை அனுமதி பெற்றுப் பகலில் போய்ப் பகலிலேயே திரும்ப வேண்டிய இடம். யானைகள் அந்தப் பக்கம் வந்துவிட்டால் பகலிலும் விடமாட்டார்கள். தவிர, அது பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் ஏரி. நீங்கள் கரையில் பல் துலக்கினால் என் வீட்டுக் குழாயில் வரும் என்று வருகிறவர்களிடம் சொல்வேன். கொஞ்சம் மிகைதான், ஆனால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

ஏரியைப் பார்ப்பதுதான் ஆசை என்றால் மன்னவனூர் போங்கள். புல்வெளி நடுவே ஏரி, பரிசல் சவாரி, பக்கத்திலேயே ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை. கூட்டம் ஓரளவு குறைவு.

அப்படியானால் கூடாரம் எங்கேதான் போடுவது?

தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் நீங்களாகக் கூடாரம் அடிக்க முடியாது. மிச்சம் இருப்பவை தனியார் பட்டா நிலங்கள். எஸ்டேட் ஓரங்களில் "டென்ட் ஸ்டே" என்று பலகை வைத்திருப்பவர்களிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: உள்ளாட்சியின் அனுமதி இருக்கிறதா, கழிப்பறை எங்கே, இரவில் யானை எந்தப் பக்கம் வரும். மூன்றாவதற்கு "யானையெல்லாம் வராது சார்" என்று சட்டெனப் பதில் வந்தால் எனக்கு நம்பிக்கை போய்விடும். வரும் வழியைக் கையால் சுட்டிக் காட்டுகிறவரே அந்த நிலத்தை அறிந்தவர். 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில், காட்டோரக் கூடார விடுதி ஒன்றில் தங்கியிருந்த ஒரு பெண் யானை தாக்கி இறந்தார். கூடாரத் துணி பனியைத் தடுக்கும். யானையைத் தடுக்காது.

முறையாக மலையில் கூடாரவாசம் வேண்டுமென்றால் கேரள வன வளர்ச்சிக் கழகம் மூணாறு அருகே மீசப்புலிமலைக்கு நடத்தும் முகாம் நல்ல ஏற்பாடு. 2,640 மீட்டர் உச்சி. முன்பதிவு கட்டாயம்.

எங்கே போட்டாலும் ஓடைப் படுகையில் போடாதீர்கள். மணல் சமமாக, மெத்தைபோல இருக்கிறதே என்று தோன்றும். அந்த மணலைக் கொண்டுவந்து பரப்பியது வெள்ளம்தான். பட்ட கிளைக்கு அடியிலும் வேண்டாம். காலையில் கூடாரத்தின் உட்புறம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் கூரை ஒழுகுகிறது என்று விடுதிக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அது உங்கள் மூச்சுக் காற்றின் ஈரம். காற்றுத் திறப்பைக் கொஞ்சம் திறந்து வைத்தால் பாதி குறையும்.

பையில் என்ன எடுத்துப் போவது? பெரிய பட்டியலாக வேண்டாம்.

ஒரு பகல் நடைக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மழைக்கோட்டு, நெகிழி உறையில் சுற்றிய உலர்ந்த சட்டை, டார்ச், விசில், வழக்கமான மாத்திரைகள், சாப்பாடு. பகல் நடைக்கு டார்ச் எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. டிசம்பரில் ஆறு மணிக்குச் சூரியன் மறைகிறது என்றால் பள்ளத்தாக்குக்குள், மரத்தடியில், ஐந்தரைக்கே பாதை தெரியாது. கைப்பேசி வெளிச்சத்தை நம்பினால், கூப்பிட வேண்டிய நேரத்தில் கைப்பேசியும் அணைந்திருக்கும்.

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கல்லாகக் கனக்கும், மாலை வரை காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சும். வேட்டியோ பெரிய துண்டோ ஒன்று இருக்கட்டும்: துவட்ட, போர்த்த, கட்டுப்போட, வேறொன்றுக்கும் பயன்படும். அது என்ன என்று அடித்துச் செல்லப்பட்டவரைப் பற்றிய கேள்வியில் வரும்.

விலை உயர்ந்த மலையேற்றக் காலணி வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. அடிப்பாகம் தேயாத, வார் இறுக்கிக் கட்டக்கூடிய சாதாரணக் கேன்வாஸ் ஷூ நம் பாதைகளுக்குப் போதும். புதிய ஷூவை மலையில் முதன்முதலாகப் போடாதீர்கள். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். நீண்ட இறக்கத்தில் கட்டை விரல் நகம் கறுப்பது, வளர்ந்த நகம் ஷூவில் இடிப்பதால்தான்.

வெள்ளகவி மலைக்கிராமம் வழியாகப் போகிறவர்களுக்கு மட்டும்: அந்த ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. ஊரெங்கும் கோயில்கள், ஊரே அவர்களுக்குக் கோயில். எல்லையில் காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடங்கள். அங்கிருந்து கும்பக்கரை வரை கல்லும் வேரும் கலந்த இறக்கம். கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலிலிருந்து கணக்கிட்டால் மொத்தம் 1,500 மீட்டருக்கு மேல் இறங்குகிறோம். மூன்றாம் நாளும் படியிறங்கும்போது முழங்கால் அதை நினைவூட்டும்.

சாப்பாட்டுக்கு என்ன கொண்டு போகலாம்?

புளியோதரை, எலுமிச்சைச் சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. எண்ணெயும் புளியும் சேர்ந்தவை மாலை வரை தாங்கும். தயிர்ச் சாதம் வெயிலில் புளித்துவிடும். நடக்கும்போது கொறிக்கக் கடலை மிட்டாயை மிஞ்சியது எதுவும் இல்லை, கோவில்பட்டிக்காரர்களுக்கு நன்றி.

வாழை இலையில் கட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எவர்சில்வர் டப்பா. கொடைக்கானலில் சிறிய நெகிழித் தண்ணீர்ப் பாட்டிலுக்குப் பாட்டில் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி உண்டு. நீலகிரியில் அவற்றுக்குத் தடையே இருக்கிறது. குரங்கு கண்ணில் படும்படி சாப்பாட்டைத் திறக்காதீர்கள், ஊட்டவும் செய்யாதீர்கள். ஊட்டப்பட்ட குரங்கு அடுத்து வருகிறவரின் பையைப் பிடுங்கும்.

ஓடைத் தண்ணீர் மூலிகைத் தண்ணீராயிற்றே, அப்படியே குடிக்கலாமா?

மூலிகை இருக்கலாம், மேலே ஒரு காட்டுமாடு அதே ஓடையில் நின்றுகொண்டும் இருக்கலாம். ஒரு நிமிடம், கொடைக்கானல் போன்ற உயரத்தில் மூன்று நிமிடம், நன்றாகக் கொதிக்க வைத்தால் போதும், அல்லது குளோரின் மாத்திரை. கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்டுங்கள். பாறைச் சுனையில் கண்ணாடிபோலத் தெளிந்து நிற்கும் தண்ணீருக்கும் இதுவே விதி. கிருமிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அட்டைக்கு என்ன செய்வது? நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது.

மழைக்காலச் சோலைக்காட்டில் அட்டை உண்டு, அதற்கு மருந்து மனத்தைத் தேற்றிக்கொள்வதுதான். கால்சட்டையைக் காலுறைக்குள் சொருகுங்கள். காலுறையில் வேப்பெண்ணெயோ மூக்குப்பொடியோ தடவுவது எங்கள் பக்கத்து வழக்கம்; மழையில் கழுவிப்போகும் வரை வேலை செய்யும்.

கடித்திருந்தால் பதறிப் பிய்க்காமல், மெலிந்த முனைப்பக்கம் நகத்தைச் செருகிப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். உப்போ நெருப்போ வைத்தால் அது உள்ளிருப்பதைக் காயத்திலேயே கக்கிவிடக்கூடும். இரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளை அது செலுத்துவதால், விழுந்த பிறகும் சற்று நேரம் கசியும். கழுவித் துணியால் அழுத்திப் பிடியுங்கள், அவ்வளவுதான்.

எனக்கு நன்றாக நீச்சல் தெரியும். அருவிக்குக் கீழே உள்ள மடுவில் குதித்துக் குளிக்கலாமா?

கிணற்று நீச்சல் அங்கே உதவாது. அருவி விழும் இடத்தில் தண்ணீர் முழுக்கக் காற்றுக் குமிழி. வெள்ளையாகத் தெரிவது அதனால்தான். குமிழி கலந்த தண்ணீர் உங்களைத் தாங்காது, கையைப் போட்டால் பிடிமானம் கிடைக்காது. விழுந்த தண்ணீர் அடிக்குப் போய்ச் சுழன்று மீண்டும் அருவிக்கே திரும்புவதால், உள்ளே போனவரையும் அது அதே வட்டத்தில் சுற்றும். கும்பக்கரையில் இப்படிப் பாறையில் குடைந்த பள்ளங்களுக்குக் "கெஜம்" என்று பெயர்: யானைக் கெஜம், பாம்புக் கெஜம், உரல் கெஜம் என்று முன்னோர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். உரல் என்ற பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது; உள்ளே விழுந்ததை உரல் என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியும்.

தடுப்புக் கம்பி கட்டி, காவலர் நிற்கும் இடத்தில் தலையைக் காட்டி நனையுங்கள். பாறை மேலிருந்து தலைகீழாகப் பாய்வது எங்கும் வேண்டாம். போன ஆண்டு ஆழமாக இருந்த இடத்தில் இந்த ஆண்டு வெள்ளம் ஒரு பாறையை உருட்டி வைத்திருக்கும்.

ஏரிகளுக்கும் ஒரு வார்த்தை. நம் மலை ஏரிகள் பெரும்பாலும் மனிதர் கட்டியவை. கொடைக்கானல் ஏரியே 1863இல் வெரே ஹென்றி லெவிஞ்ச் முயற்சியில் உருவானது. நீலகிரியின் அவலாஞ்சி, எமரால்டு எல்லாம் மின்சாரத்துக்காகக் கட்டிய அணைத் தேக்கங்கள். அவற்றின் கரை சேறு. இரண்டு அடி வைத்ததும் சட்டென ஆழம். நீந்த அனுமதி இல்லை என்ற பலகை சும்மா வைத்ததல்ல.

மழையே இல்லை, வெயில் காய்கிறது. ஆனாலும் அருவியை மூடிவிட்டார்கள். இது என்ன அநியாயம்?

என்னிடம் மிக அதிகமாக வரும் புகார் இது. கும்பக்கரைக்கு வருவது மலையிலிருந்து இறங்கும் பாம்பார் ஆறு. நீங்கள் அருவியில் நிற்கும்போது உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருப்பதில் பயனில்லை. வட்டக்கானலிலும் வெள்ளகவியிலும் வானம் என்ன செய்கிறது என்பதே கேள்வி. அங்கே கொட்டிய மழை செங்குத்தான சரிவில் இறங்கிக் கீழே வந்து சேர அதிக நேரம் எடுக்காது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் இப்படி வந்த திடீர் வெள்ளம் 17 வயதுச் சிறுவனை அடித்துச் சென்றது. அது சாரல் காலம் கூட இல்லை, கோடை மழை. மலை மழையின் அளவு சமவெளிக்காரர்களுக்குப் புரிவது கடினம்: 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. பல ஊர்களுக்கு அது ஓர் ஆண்டு மழை.

காட்டாற்று வெள்ளம் அறிகுறி காட்டும். தெளிந்த தண்ணீர் கலங்கும். சருகும் குச்சியும் திடீரென்று மிதந்து வரும். மேலே லாரி வருவதுபோல ஓர் இரைச்சல் கேட்கும். இவற்றில் ஏதாவது ஒன்று போதும். பையையும் செருப்பையும் விட்டுவிட்டுப் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். ஓடை வழியே கீழ்நோக்கி ஓடக்கூடாது, தண்ணீர் உங்களைவிட வேகமாக வரும். வேகமாக ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே வளர்ந்த ஆளின் காலை வாரிவிடும். எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டால் அங்கேயே உட்கார்ந்திருங்கள். மலை ஓடை ஏறிய வேகத்திலேயே வடியும். சில மணி நேரத்தைப் பசியோடு கழிப்பதில் கேடில்லை.

கண்ணெதிரே ஒருவர் தண்ணீரில் அடித்துச் செல்லப்படுகிறார். குதிக்காமல் எப்படி இருப்பது?

குதிக்காதீர்கள். குதித்தால் தேட வேண்டியவர்கள் இருவர். எதையாவது வீசுங்கள், நீட்டுங்கள்: கயிறு, கழி, வேட்டி, துப்பட்டா. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் மூழ்கிக்கொண்டிருந்த இளைஞர்களில் இருவரை, மூன்று பெண்கள் தங்கள் சேலைகளை அவிழ்த்து வீசி இழுத்துக் காப்பாற்றினார்கள். தமிழக அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. பையில் வேட்டி என்று சொன்னேனே, இதற்கும்தான்.

வீசுவதற்கு முன் கரையில் உட்காருங்கள் அல்லது ஒரு மரத்தை அணைத்துப் பிடியுங்கள். நின்றபடி வீசினால் இழுப்பில் நீங்களும் போய்விடுவீர்கள்.

யானையோ காட்டுமாடோ எதிரே வந்தால்?

வருமுன்பே தெரிந்துகொள்ளலாம். ஆவி பறக்கும் யானைச் சாணம், அப்போது முறித்த மூங்கில், பச்சைத் தழை வாசனை இருந்தால் வந்த வழியே அமைதியாகத் திரும்புங்கள். கூட வரும் வேட்டைத் தடுப்புக் காவலரோ வழிகாட்டியோ கையை உயர்த்தினால் கேள்வி கேட்காமல் நில்லுங்கள். யானைக்குக் கண்ணைவிட மூக்கு கூர்மை. காற்று உங்களிடமிருந்து அதை நோக்கி வீசினால் நீங்கள் ஒளிந்திருப்பதில் பொருளில்லை. படம் எடுக்க நெருங்குவதும் கத்துவதும் கல்லெறிவதும் கூடாது.

காட்டுமாட்டைக் கொடைக்கானல் தெருக்களிலேயே பார்க்கலாம், அதனால் அது சாது என்று நினைத்துவிடுகிறார்கள். கூட்டத்தைவிட ஒற்றையாக நிற்கும் கடாவிடம் கவனம் வேண்டும். அதற்கு வழி விட்டு, மரத்தைக் குறுக்கே வைத்துக்கொண்டு விலகுங்கள்.

பாம்பு கடித்தால் கயிறு கட்டலாமா?

கட்டக்கூடாது, கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது. கடிபட்ட காலை ஆடாமல் வைத்து, முடிந்தால் ஆளைத் தூக்கிக்கொண்டு, 108க்குச் சொல்லி, நஞ்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மோதிரம், கொலுசு, இறுகிய காலுறையை வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். நம் நாட்டு நஞ்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது. மலைக்காட்டில் கிளையிலும் பாறையிலும் இருக்கும் குழிவிரியன்களுக்கு அது சரியாக வேலை செய்யாது. எனவே பார்க்காத இடத்தில் கை வைக்காமல் இருப்பதே மருந்து.

குளிருக்குச் சின்னதாக ஒரு கேம்ப் ஃபயர் போட்டால் என்ன?

குரங்கணியை மறந்துவிட்டீர்கள். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கிப் பாய்கிறது. சூடு மேலே எழுந்து அடுத்த புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுவதால் சரிவு கூடக்கூட வேகமும் கூடும். காட்டுக்குள் தீ மூட்டுவதும் புகைப்பதும் குற்றம். தனியார் இடத்தில் விடுதிக்காரர் மூட்டினால் மூட்டட்டும். தூங்கப் போகும் முன் தண்ணீர் ஊற்றிச் சாம்பலில் கை வைத்துப் பாருங்கள்.

எங்காவது தீயைக் கண்டால் மேல்நோக்கி ஓடாதீர்கள். புல் இல்லாத பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து கருகிய நிலம் ஆகியவையே அடைக்கலம்.

பனியில் வழி தவறிவிட்டால் என்ன செய்வது?

பேரிஜம் போகும் வழியில் மதிகெட்டான் சோலை என்று ஓர் இடம் இருக்கிறது. உள்ளே போனால் மதி கெட்டு வழி தெரியாமல் திரிவார்கள் என்பது ஊர்க்கதை. மந்திரம் எதுவும் இல்லை: எல்லா மரமும் ஒன்றுபோல் இருக்கும், சூரியன் தெரியாது, பனி மூடினால் பத்தடிக்கு மேல் பார்வை போகாது. மனிதன் தெரியாமலேயே வட்டமாக நடக்கிறான்.

நில்லுங்கள். குழுவைப் பிரிக்காதீர்கள், ஒருவரை மட்டும் "வழி பார்த்து வா" என்று அனுப்பாதீர்கள். மூன்று முறை விசில், இடைவெளி, மீண்டும் மூன்று முறை. ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வரும் என்பார்கள். நம் மலைகளில் ஓடையைப் பிடித்து இறங்கினால் பெரும்பாலும் அருவியின் தலைமாட்டுக்குத்தான் போய்ச் சேர்வீர்கள்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது: கழிப்பறை? மாதவிலக்கு நாளில் போனால் விலங்கு மோப்பம் பிடித்து வரும் என்கிறார்களே?

கூச்சப்பட எதுவும் இல்லை. தண்ணீரிலிருந்து குறைந்தது 60 மீட்டர் விலகி, ஒரு சாண் ஆழம் தோண்டி, மூடிவிடுங்கள். மாதவிலக்கைப் பற்றிய பேச்சுக்கு ஆதாரம் இல்லை. பெண்களை வீட்டில் நிறுத்தி வைக்கச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்றாகவே அதை எடுத்துக்கொள்கிறேன். உடல்நிலை ஒத்துழைத்தால் போகலாம். பயன்படுத்திய நாப்கினைக் காகிதத்தில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டு ஊருக்கே எடுத்து வாருங்கள். குழந்தைகளின் டயப்பருக்கும் இதேதான்.

சோப்பு, ஷாம்பூ, எண்ணெய் அருவிக்குக் கொண்டு போகாதீர்கள். குற்றாலத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவற்றைத் தடையே செய்திருக்கிறது.

கொடைக்கானலெல்லாம் நடந்துவிட்டோம். அடுத்து காஷ்மீர் ஏரிகளுக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் இது வேறு விளையாட்டு. சோனாமார்க்கில் தொடங்கி விஷன்சர், கிருஷன்சர், கங்காபல் ஏரிகளைத் தொட்டு நாரநாக்கில் முடியும் பாதை, ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை திறந்திருக்கும். வழியில் ஏறக்குறைய 4,200 மீட்டர் வரை ஏற வேண்டும். நம் தென்னகத்தின் மிக உயரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். அங்கே காற்றில் உள்ள ஆக்சிஜன் குறைவை உடம்பு பழகிக்கொள்ள நாட்கள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது பொது விதி. தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் மருந்து கீழே இறங்குவது ஒன்றே. கல்லூரி ஓட்டப்பந்தய வீரருக்கும் இது வரும், அவருடைய அம்மாவுக்கு வராமலும் போகும்.

கூடார விதிகள் அங்கும் உண்டு. உத்தராகண்டின் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்க அம்மாநில உயர் நீதிமன்றம் 2018இல் தடை விதித்தது. இமாச்சலத்தின் சந்திரதால் ஏரிக்கரையிலும் முகாம் கூடாது. கூடாரங்கள் சில கிலோமீட்டர் தள்ளித்தான்.

திரும்பி வந்து பத்து நாளாகிறது. இப்போது காய்ச்சல். மலையில் நனைந்ததற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

நனைந்ததற்கு இல்லை, புல்லில் உட்கார்ந்ததற்கு இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத பூச்சியின் இளநிலைப் புழு கடிப்பதால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் தமிழ்நாட்டில் பரவலாக உண்டு. கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் தொடங்கும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு போன்ற மறைவிடங்களில் சிகரெட்டால் சுட்டதுபோல வலியில்லாத கறுப்புப் புண் இருக்கிறதா என்று பாருங்கள். சிலருக்குப் புண் தெரியாமலும் இருக்கும். தேங்கிய நீரில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சலும் வரலாம். இரண்டுக்கும் டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகள் இருக்கின்றன, காலத்தில் தொடங்கினால் குணமாகும். தாமதித்தால் சிறுநீரகம், நுரையீரல் வரை போகும்.

பாராசிட்டமால் போட்டுக்கொண்டு ஒரு வாரம் காத்திருக்காதீர்கள். மருத்துவர் "எத்தனை நாளாகக் காய்ச்சல்?" என்று கேட்பதற்கு முன்பே, காட்டுக்குப் போய் வந்ததையும் போன தேதியையும் சொல்லிவிடுங்கள்.